ஹைட்ரஜன் குண்டும் லேசர் அடுப்பும்: எரிபொருள் ஒன்றே

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய விஞ்ஞான வகுப்பில் ஆற்றிய உரை)



1954-ம் வருஷம் மார்ச் முதல் தேதியன்று பசிபிக் சமுத்திரத்தில் பிகினி என்னும் பவளத்தீவில் அமெரிக்க சர்க்கார் ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. 60 லட்சம் டன் வெடிமருந்துக்குச் சமமாக வெடிக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். வெடித்ததோ 150 லட்சம் டன் அளவு. ஹிரோஷிமா நகரத்தை அழித்த குண்டுக்கு இது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ஆபத்து எல்லை என்று அறிவித்த இடத்துக்கு வெளியேதான் ஒரு ஜப்பானிய மீன்பிடி படகு நின்றது. அதன்மேல் மணிக்கணக்கில் வெள்ளைச் சாம்பல் கொட்டிற்று. படகில் இருந்த 23 பேரும் வயிற்றுப்பாட்டுக்காகக் கடலோடிய உழைப்பாளிகள். அத்தனை பேரும் நோயில் விழுந்தார்கள். படகின் ரேடியோக்காரர் குபோயாமா அதே வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி மாண்டார். ஜப்பான் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஹைட்ரஜன் குண்டைத் தடை செய் என்று 3 கோடிக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

அந்தக் குண்டின் வயிற்றில் எரிந்த ஹைட்ரஜன் எரிபொருளைப் பற்றித்தான் இன்று நாம் பேச வந்திருக்கிறோம். அதே எரிபொருளைக் கடுகளவு எடுத்து, உறைய வைத்து, லேசர் ஒளியால் இறுக்கி எரிக்க முடியும் என்று 2022-ம் வருஷக் கடைசியில் காட்டிவிட்டார்கள். உலகத்துக்கெல்லாம் மின்சாரம் வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஜம்பம், நடுவில் யார் கை இருக்கிறது என்பதை உழைக்கும் மக்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? பௌதிகம் படித்தவர்களுக்கு மட்டுமே உரிய சங்கதி என்று இதை விட்டுவிட நாம் தயாராக இல்லை.

தண்ணீரில் ஒளிந்திருக்கும் பொருள்

நாம் குடிக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்த பொருள். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் எல்லாம் ஒரே எடையல்ல. ஏறக்குறைய 6,400 அணுக்களில் ஒன்று மற்றவற்றைவிட இரண்டு மடங்கு கனமாக இருக்கும். ரசாயன குணத்தில் அண்ணன் தம்பிதான். எடையில் மட்டும் வித்தியாசம். அதற்கு டியூட்டிரியம் என்று பெயர். 1931-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹெரால்டு யூரேயும் அவரது சகாக்களும் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் டியூட்டிரியம் உண்டு. சமுத்திரத்திலும் உண்டு, நம் ஊர் வாய்க்காலிலும் உண்டு.

பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். முதன்முதலில் பெரிய அளவில் பிரித்தது எங்கே தெரியுமா? ஓர் உர ஆலையில். நார்வே நாட்டில் ரியூகான் என்ற மலைப் பள்ளத்தாக்கில், நீர்வீழ்ச்சி மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து, ஹைட்ரஜனை எடுத்து, அதிலிருந்து உரம் செய்தார்கள். மின்சாரம் பாய்ச்சும்போது லேசான ஹைட்ரஜன் முதலில் ஓடிவிடும். கனமானது அடியில் தங்கிக்கொண்டே வரும். 1934 முதல் அங்கே கனநீர் தயாராயிற்று. 1940-ல் ஹிட்லரின் படை நார்வேயைப் பிடித்ததும் அந்தக் கனநீர்மேல் கண் வைத்தது, அணு ஆராய்ச்சிக்காக. 1943 பிப்ரவரியில் ஓர் இரவு, நார்வே தேசபக்தர்கள் பனிமலையில் ஏறி, ஆலைக்குள் புகுந்து, கனநீர்த் தொட்டிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆலைக்குள்ளிருந்த சிலர் தகவல் கொடுத்து உதவினார்கள். அடுத்த வருஷம், மிச்சமிருந்த கனநீரை ஜெர்மனிக்கு ஏற்றிச் சென்ற படகையும் ஏரியில் மூழ்கடித்தார்கள். அதில் நார்வே ஜனங்களும் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பொருள் யுத்தவெறியன் கையில் சிக்கக்கூடாது என்பதற்காக மனிதர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

நம் நாட்டிலும் கனநீர் ஆலைகள் உண்டு. முதலாவது 1962-ல் பஞ்சாபின் நங்கலில் எழுந்தது. 1978-ல் தூத்துக்குடியில் உர ஆலையை ஒட்டி ஒன்று வந்தது. அங்கும் வழி உரத்தின் வழிதான்: அம்மோனியாவுக்கு வரும் வாயுவிலிருந்து கனமான ஹைட்ரஜனைப் பிரிப்பது. கல்பாக்கம் மின் நிலையம் கனநீரை வைத்தே நடக்கிறது. ஆகையால் இந்தப் பொருள் ஏதோ தேவலோகத்துச் சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம்.

இன்னொரு தம்பியும் உண்டு. எடையில் மூன்று மடங்கு. அவன் பெயர் டிரிட்டியம். இவனை இயற்கையில் தேடினால் அநேகமாகக் கிடைக்க மாட்டான். அணு உலையில் லித்தியம் என்ற உலோகத்தின்மேல் நியூட்ரான்கள் பட்டால் பிறப்பான். பிறந்தவனும் நிலைத்து நிற்பதில்லை. கதிர்வீச்சை உமிழ்ந்துகொண்டே 12 வருஷம் 4 மாதத்தில் பாதியாகக் கரைந்துபோவான். அடுத்த 12 வருஷத்தில் அந்தப் பாதியிலும் பாதி. இந்தக் குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு இடத்தில் வேண்டியிருக்கும்.

டியூட்டிரியமும் டிரிட்டியமும் பல கோடி டிகிரி உஷ்ணத்தில் மோதினால் ஒன்று சேர்ந்து ஹீலியமாகும். கூடவே ஒரு நியூட்ரான் பறந்து வெளியேறும். அப்போது வெளிப்படும் சக்தி சாமானியமல்ல. இந்தக் கலவையில் ஒரே ஒரு கிராம் முழுவதும் எரிந்தால், 10 டன் நிலக்கரிக்கு மேல் எரித்த சக்தி கிடைக்கும்.

ஏன் இறுக்க வேண்டும்?

இங்கேதான் விஷயத்தின் கழுத்து இருக்கிறது. தோழர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

எரிபொருளைச் சூடாக்கிவிட்டால் போதாது. பல கோடி டிகிரி சூடேறிய வாயு ஒரு கணம்கூட ஓரிடத்தில் நிற்காது, சிதறி ஓடும். சிதறுவதற்குள் எரிந்தாக வேண்டும். அணுக்கள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றனவோ அவ்வளவு சீக்கிரம் மோதும். காலியான தெருவில் ஒருவர் மேல் ஒருவர் இடிப்பதில்லை; சந்தைக் கூட்டத்தில் இடிக்காமல் நடக்க முடியாது. இன்னொரு லாபமும் உண்டு. எரிந்த இடத்தில் பிறக்கும் ஹீலியம், நெரிசல் இருந்தால் பக்கத்திலேயே முட்டி நின்று தன் சூட்டை அங்கேயே கொடுக்கும். நெரிசல் இல்லையென்றால் வெளியே பறந்துவிடும். நெருப்பு பிடிக்காமல் அணைந்துவிடும். பஞ்சு விஷயத்தில் தளர்ந்து கிடப்பது பற்றிக்கொள்ளும், இறுக்கிக் கட்டிய பேல் மெதுவாகத்தான் எரியும். இந்த எரிபொருளில் நேர்மாறு.

இப்போது கணக்கைப் பாருங்கள். உறைந்த எரிபொருளை இறுக்காமல் அப்படியே எரிக்க வேண்டுமானால் கிலோக் கணக்கில் வேண்டும். கிலோக் கணக்கில் எரிந்தால் ஒரு நகரமே போய்விடும்; அது குண்டுதான். அதே எரிபொருளை ஆயிரம் மடங்கு இறுக்கினால், பற்றி எரிவதற்கு வேண்டிய அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கிலோ போய் மில்லிகிராம் வருகிறது. மில்லிகிராம் எரிந்தால் உருக்குச் சுவருக்குள் அடக்கிவிடலாம். குண்டுக்கும் அடுப்புக்கும் நடுவே நிற்பது அடர்த்தி ஒன்றே. இதற்காகத்தான் விஞ்ஞானிகள் அறுபது வருஷமாக எரிபொருளை இறுக்கப் பாடுபட்டு வருகிறார்கள்.

இறுக்குவதற்கு ஒளியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? முதல் லேசரை 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் செய்து காட்டினார். அதற்கு அஸ்திவாரம் போட்ட ஆராய்ச்சிக்காக 1964-ல் நோபல் பரிசு பெற்றவர்கள் மூவர்: அமெரிக்காவின் டவுன்ஸ், சோவியத் நாட்டின் பாஸோவ், புரோகரோவ். இந்தப் புரோகரோவ் பிறந்தது 1916-ல் ஆஸ்திரேலியாவில். ஜார் ஆட்சி சைபீரியாவுக்கு நாடு கடத்திய புரட்சிக்காரத் தொழிலாளிக் குடும்பம் அவருடையது; தப்பி ஓடி அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். 1923-ல் சோவியத் நாடு திரும்பினார்கள். ஹிட்லரை எதிர்த்த யுத்தத்தில் அவர் இரண்டு முறை காயம் பட்டார். பாஸோவ் அதே யுத்தத்தில் செஞ்சேனையில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் புரோகரோவின் சரித்திரமே பதில்.

லேசர் ஒளியால் எரிபொருளைச் சூடாக்கி அணுக்களைச் சேர்க்க முடியும் என்று பாஸோவும் குரோகினும் 1964-ல் கட்டுரை வெளியிட்டார்கள். 1968-ல் பாஸோவின் குழு லித்தியம்-டியூட்டிரியம் கட்டியின்மேல் லேசரைப் பாய்ச்சி, நியூட்ரான்கள் வெளிவருவதைக் கண்டது. சூடாக்கினால் மட்டும் போதாது, பல ஆயிரம் மடங்கு இறுக்க வேண்டும் என்ற கணக்கை 1972-ல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்து நக்கோல்ஸும் அவரது சகாக்களும் பகிரங்கமாக வெளியிட்டார்கள். ஜப்பானில் ஒஸாகா பல்கலைக்கழகத்தார் பன்னிரண்டு கதிர் கொண்ட லேசரால், டியூட்டிரியமும் டிரிட்டியமும் கலந்த பிளாஸ்டிக் ஓட்டை 600 மடங்கு அடர்த்திக்கு இறுக்கி, அதை 1991-ல் அறிவித்தார்கள். அணுகுண்டு வைத்திராத நாட்டில், ஒரு பல்கலைக்கழகம் செய்த வேலை அது.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இவ்வளவு பெரிய யந்திரமெல்லாம் வேண்டாம், டியூட்டிரியத்தைச் சாதாரண மேஜைமேலேயே மிக மிக அடர்த்தியாகச் செய்துவிட்டோம், ஒரு கன சென்டிமீட்டர் நூறு கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்று ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்து ஹோம்லிட் என்பவர் 2009 தொட்டு அறிக்கைகள் வெளியிட்டு வந்தார். வேறு ஆய்வுக்கூடங்கள் தாமாகச் செய்து பார்த்து அதை உறுதிப்படுத்தவில்லை. அது பௌதிக விதிகளுக்குப் பொருந்தாது என்று எழுதியவர்களும் உண்டு. ஒருவர் கண்டது நாலு பேர் கண்டால்தான் விஞ்ஞானம். அதுவரை அதை நம்பிக் கொடி ஏற்ற வேண்டியதில்லை.

கடுகுக்குள் பரம்படிப்பது

லிவர்மோரில் இந்த எரிபொருளை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று பார்ப்போம். வேலை தெரிந்தவர்களாகிய உங்களுக்கு இது பிடிக்கும்.

முதலில் ஓடு. குறுக்களவு 2 மில்லிமீட்டர், ஒரு கடுகு பருமன். ஓடு வைரத்தால் ஆனது. நகைக்கடை வைரமல்ல, வாயுவிலிருந்து படியப் படிய வளர்த்த வைரம். சிலிக்கன் உருண்டை ஒன்றின்மேல் வைரத்தைப் படிய வைப்பார்கள். பிறகு மெருகேற்றுவார்கள். லேசரால் நுண்ணிய துளையிட்டு, அதன் வழியே திராவகம் விட்டு உள்ளிருக்கும் சிலிக்கனைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது உள்ளே வெற்றிடமான வைரக் கடுகு. அந்தத் துளையில் ஒரு குழாயைப் பொருத்துவார்கள், எரிபொருளை உள்ளே விடுவதற்கு. குழாயின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. தலைமயிரை நீளவாக்கில் முப்பது கீற்றாகக் கீறினால் ஒரு கீற்று எவ்வளவோ அவ்வளவு. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரிலும் அமெரிக்காவின் ஸான் டியாகோ நகரிலும் இந்த வேலை நடக்கிறது. பத்திரிகைகளில் படம் வருவது விஞ்ஞானிக்கும் மந்திரிக்கும்தான்; மெருகேற்றியவர்களின் பெயர் வருவது அபூர்வம். நல்ல வேட்டியில் கடைக்காரன் பெயர் இருக்கும், நெய்தவன் பெயர் இருக்காது, அதுபோல.

அடுத்தது எரிபொருள். டியூட்டிரியமும் டிரிட்டியமும் பாதிக்குப் பாதி கலந்த வாயுவை உள்ளே செலுத்தி, பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரிக்கும் அப்பால் குளிர வைக்கிறார்கள். வாயு திரவமாகி, திரவம் பனிக்கட்டியாக உறைகிறது. வாயுவாக இருந்ததைவிட இந்தப் பனி ஆயிரம் மடங்குக்கு மேல் அடர்த்தி. இது முதல் இறுக்கம். குளிர வைத்து இறுக்குவதற்குக் காரணம் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடேறும். சூடேறினால் உள்ளே இருக்கும் காற்று எதிர்த்துத் தள்ளும். எரிபொருளைக் குளிராக வைத்துக்கொண்டு தொடங்கினால்தான் பின்னால் வரும் பெரிய இறுக்கத்துக்கு அது இணங்கும்.

பனி ஓட்டின் உட்சுவரில் ஒரே சீராகப் படிய வேண்டும். கனம் ஏறக்குறைய ஒரு தலைமயிர்ப் பருமன். உறையும்போது என்ன நடக்கும்? திரவம் அடியில் தேங்கி, கீழே தடிப்பாகவும் மேலே மெலிவாகவும் உறையும். அப்படி இருந்தால் எல்லாம் நாசம். ஈரக் களிமண்ணைக் கையில் வைத்து இறுக்கினால் விரலிடுக்கில் பிதுங்குகிறதல்லவா? மெலிந்த பக்கம் எரிபொருள் அப்படியே பிதுங்கிவிடும். கடுகளவு ஓட்டுக்குள் கை விட்டுச் சமன் செய்ய முடியுமா?

இங்கே டிரிட்டியமே உதவிக்கு வருகிறது. அது ஓயாமல் சிதைகிறது என்றோம். சிதையும்போது சிறிது உஷ்ணம் பிறக்கிறது. பனி தடித்த இடத்தில் டிரிட்டியம் அதிகம்; உஷ்ணமும் அதிகம். அங்கே பனி ஆவியாகி எழுகிறது. மெலிந்த இடம் குளிர்ந்திருக்கிறது. ஆவி அங்கே போய்ப் படிந்து மீண்டும் உறைகிறது. மேடு தானே கரைகிறது, பள்ளம் தானே நிரம்புகிறது. நாற்று நடுமுன் வயலில் பரம்படிக்கிறோமே, மேட்டு மண்ணை இழுத்துப் பள்ளத்தில் தள்ளுகிறோமே, அதே வேலை. இங்கே மாடும் இல்லை, பரம்புப் பலகையும் இல்லை. ஏறக்குறைய அரைமணிக்கு ஒருமுறை ஏற்றத்தாழ்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே வரும். இந்தக் குணத்தை 1988-ல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஹாஃபர், ஃபோர்மன் என்ற இருவர் பரிசோதனையில் நிரூபித்தார்கள். நம் எதிரியின் குகையில் பிறந்ததானாலும் நல்ல விஞ்ஞானம் நல்ல விஞ்ஞானமே.

அதோடு முடியவில்லை. பனி பல ஸ்படிகங்களாக உறைந்தால் ஒன்றுக்கொன்று சேரும் இடத்தில் கோடு விழும். ஆகையால் பனியை உருக்கி, ஒரே ஒரு சின்ன ஸ்படிகம் மிஞ்சும்வரை விட்டு, அந்த விதையிலிருந்து மெள்ள மெள்ள வளர்க்கிறார்கள். வேகமாகக் குளிர வைத்தால் கெட்டுவிடும். எக்ஸ்ரே வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பள்ளம் தெரிந்தால் உருக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பம். ஒரு கடுகுக்கு ஒரு நாள், சில சமயம் பல நாள். ரிங் பிரேமில் ஒரு நூல் அறுந்தால் கணத்தில் பிணைத்துவிடும் கைகளுக்கு இந்தப் பொறுமை எப்படிப்பட்டதென்று தெரியும்.

ஓடும் பனியும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. 2021 ஆகஸ்டில் ஒரு பரிசோதனை முன்னெப்போதும் இல்லாத பலன் கொடுத்தது. அதையே மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள்; எதுவும் அந்த அளவை எட்டவில்லை. முக்கியக் காரணங்களில் ஒன்று, ஓடுகளில் இருந்த நுண்குழிகள். 192 கதிர் கொண்ட யந்திரம் அதேதான். கண்ணுக்குத் தெரியாத குழி கவிழ்த்துவிட்டது.

ஒரு யூனிட்டுக்குக் கீழே

2022 டிசம்பர் 5-ந் தேதி, நள்ளிரவு தாண்டி 1 மணி 3 நிமிஷம். நம் கணக்கில் இரவு ஷிப்டு. வைரக் கடுகைத் தங்கம் பூசிய சின்னக் குழலுக்குள் தொங்கவிட்டு, குழலின் இரண்டு வாயிலும் 192 கதிர்களைப் பாய்ச்சினார்கள். கதிர்கள் குழலின் சுவரில் பட்டு எக்ஸ்ரே பிறந்தது. எக்ஸ்ரே பட்டு வைர ஓட்டின் வெளிப்புறம் வெடித்து வெளியே பறந்தது. வாணம் கீழே தீயைக் கக்கி மேலே பாய்கிறது; அதுபோல ஓட்டின் மிச்சம் உள்நோக்கிப் பாய்ந்தது, விநாடிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வேகத்தில். உரித்த தேங்காய் ஒன்று எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒடுங்கி மிளகளவு ஆவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பனி ஆயிரம் மடங்குக்கு மேல் இறுகிற்று. ஈயம் ஒரு கன சென்டிமீட்டர் 11 கிராம். இந்த ஹைட்ரஜனோ சில நூறு கிராம். நடுவில் உஷ்ணம் பத்துக் கோடி டிகிரியைத் தாண்டிற்று. எரிபொருள் பற்றிக்கொண்டது.

லேசர் கொடுத்த சக்தி 2.05 மெகாஜூல், எரிபொருள் கொடுத்தது 3.15 மெகாஜூல். இறுகின எரிபொருளிலும் நூற்றுக்கு நாலைந்து பங்குதான் எரிந்தது. 2025 ஏப்ரலில் இது 8.6 மெகாஜூலாக உயர்ந்தது. கொடுத்ததைவிட அதிகம் வந்தது என்பது உண்மை. பெரிய சாதனை என்பதும் உண்மை. அதைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை.

ஆனால் இதை மின்சார மீட்டர் கணக்கில் பாருங்கள். ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். ஆக, அன்றிரவு பிறந்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசரை இயக்க மின் கம்பியிலிருந்து இழுத்தது ஏறக்குறைய 300 மெகாஜூல், அதாவது 80 யூனிட்டுக்கு மேல். நாளைக்கே பம்புசெட் ஓடும் என்று எழுதியவர்கள் இந்த எண்ணைச் சின்ன எழுத்தில் போட்டார்கள், அல்லது போடவே இல்லை.

மின் நிலையமாக வேண்டுமானால் விநாடிக்குப் பத்துக் கடுகாவது எரிய வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். நாளொன்றுக்கு 8,64,000. இன்று ஒரு கடுகில் பனி படிய ஒரு நாள் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். டிரிட்டியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,000 மெகாவாட் உஷ்ணம் தரும் உலை வருஷம் முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய 55 கிலோ டிரிட்டியத்தைத் தின்னும். குண்டுக்கு ஒதுக்கியது போக உலகத்தில் உள்ள இருப்பு இருபது, முப்பது கிலோவைத் தாண்டாது. பெரும்பகுதி கனடாவின் கனநீர் உலைகளில் உபபொருளாகக் கிடைத்தது. எனவே உலையைச் சுற்றி லித்தியத்தை வைத்து, எரியும்போதே புதிய டிரிட்டியத்தைப் பிறப்பிக்க வேண்டும். விதைநெல்லை அறுவடையிலிருந்தே எடுத்து வைப்பதுபோல. அந்த அறுவடையை முழு அளவில் எடுத்துக் காட்டியவர் இன்னும் யாருமில்லை.

யாருடைய அடுப்பு?

லிவர்மோர் ஆய்வுக்கூடம் 1952-ல் எதற்காகத் தொடங்கப்பட்டது? ஹைட்ரஜன் குண்டுக்காக. 192 கதிர் யந்திரத்தை 350 கோடி டாலர் செலவில் கட்டி 2009-ல் முடித்தார்களே, அதற்கு அமெரிக்கப் பாராளுமன்றம் பணம் ஒதுக்கியது ஏழை வீட்டு விளக்குக்காகவா? 1992-ல் அமெரிக்கா குண்டு வெடித்துப் பார்ப்பதை நிறுத்தியது. வெடிக்காமலே குண்டுகளைப் பரிசோதித்துக் காப்பாற்றி வைக்கும் திட்டத்தின் கீழ் எழுந்த யந்திரம் இது. நாம் இட்டுக்கட்டவில்லை, அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சகல அணுவெடிப் பரிசோதனைகளையும் தடுக்கும் ஒப்பந்தத்தில் 1996-ல் கையெழுத்திட்ட அமெரிக்கா இன்றுவரை அதை ஊர்ஜிதம் செய்யவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரான்சில் போர்டோ அருகிலுள்ள பெரிய லேசரும் அணு ஆயுதத் துறையின் வசம். சீனாவிலும் ரஷ்யாவிலும் உள்ள பெரிய லேசர்களும் ஆயுத ஆய்வு நிலையங்களின் மதிலுக்குள்தான் இருக்கின்றன. யார் வீட்டில் இருந்தாலும் இருப்பதை இருப்பதாகவே சொல்வது நம் வழக்கம்.

2022-க்குப் பின் தனியார் மூலதனமும் நுழைந்துவிட்டது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் கம்பெனிகள் லேசர் மின் நிலையம் கட்டப் போகிறோம் என்று விளம்பரம் செய்கின்றன. அறுபது வருஷம் ஜனங்களின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி. பயிர் விளையும் அறிகுறி கண்டதும் வரப்பில் முதலாளி வந்து நிற்கிறான். குத்தகைதாரனுக்கு இது புதுக் காட்சியா?

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன டிரிட்டியத்தின் குணம் இரண்டாவது முறையாக இங்கே வருகிறது. இன்றைய அணு ஆயுதங்களில் வெடிப்பைப் பெருக்க டிரிட்டியம் வைக்கிறார்கள். அதுவும் 12 வருஷம் 4 மாதத்தில் பாதியாகும். கிடங்கில் சும்மா கிடந்தாலே கரையும். ஆகவே குண்டு வைத்திருப்பவன் டிரிட்டியத்தைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். செய்வதை நிறுத்தினால் சில பத்தாண்டுகளில் குண்டுகளின் பல்லு விழும். அமெரிக்கா அதை எங்கே செய்கிறது? டென்னஸி மாநிலத்தில் வாட்ஸ் பார் என்ற அணுமின் நிலையத்தில். மக்களுக்கு மின்சாரம் கொடுக்க அமைந்த அரசாங்க ஸ்தாபனத்தின் உலை அது. 2003 முதல் அந்த உலைக்குள் லித்தியத் தண்டுகளைச் செருகி, ஆயுதத்துக்கு வேண்டிய டிரிட்டியத்தை எடுத்து வருகிறார்கள். வீட்டு விளக்கும் அதே உலையில், குண்டின் சரக்கும் அதே உலையில். லிவர்மோரின் வைரக் கடுகில் பனியைச் சமன் செய்யும் டிரிட்டியமும் இதே சாதிப் பொருள்தான். அதில் எவ்வளவு குண்டுக்குப் போகிறது, எவ்வளவு அடுப்பு ஆராய்ச்சிக்குப் போகிறது என்ற கணக்கை ஜனங்கள் முன் வைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை, பிகினிச் சாம்பலில் நனைந்த படகுக்காரர்களுக்கு இருந்தது, நமக்கும் இருக்கிறது.

லித்தியத்திலிருந்து டிரிட்டியம் பிறக்கும் விதத்தைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்ட வேண்டும். அதை அடுத்த வகுப்பில் வைத்துக்கொள்வோம். இப்போது தோழர்கள் கேள்வி கேட்கலாம்.